வேட்பாளரே தேர்தல் அதிகாரி



அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் கண்ணில் படுவது வெள்ளை மாளிகை மட்டும்தான். ஆனால் அந்த நாட்டு வாக்குச்சீட்டு நீளமானது. செனட்டர், ஆளுநர் என்று இறங்கி நீதிபதி, பள்ளி வாரிய உறுப்பினர் வரை போகும். அதன் நடுவில், பலர் பெயரைக்கூடப் படிக்காமல் கடந்துபோகிற ஒரு பதவி இருக்கிறது. ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’. வாஷிங்டனில் இதே பெயரில் இருப்பவர் வெளியுறவு அமைச்சர். நான் சொல்வது மாநிலத்தில் இருப்பவரை. மாநிலச் செயலாளர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் நாடாளுமன்றத் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தலையும் ஒரே தேர்தல் ஆணையம் நடத்துகிறது. அமெரிக்காவில் அப்படி ஓர் அமைப்பு கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு; அது பார்ப்பது பிரசாரப் பணத்தின் கணக்கு வழக்கை. அதிபர் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலையும் மாநிலங்கள்தான் நடத்துகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பொறுப்பின் உச்சியில் இருப்பவர் மாநிலச் செயலாளர். ஏறத்தாழ 35 மாநிலங்களில் அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஒரு கட்சியின் வேட்பாளராக நிற்கிறார், அந்தக் கட்சிக்காரர்களிடம் நிதி திரட்டுகிறார், ஜெயித்த பிறகு எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான தேர்தல் அதிகாரியாக உட்காருகிறார்.

வேறு வேலைகளும் அவருக்கு உண்டு. நிறுவனங்களைப் பதிவு செய்வது, மாநில முத்திரையைக் காப்பது போன்றவை. மிச்சிகனிலும் இல்லினாயிலும் ஓட்டுநர் உரிமம் கொடுப்பதே அவருடைய அலுவலகம்தான். அதனால் பல காலம் இது ஒரு குமாஸ்தா வேலை என்றுதான் மக்கள் நினைத்தார்கள்.

2000ஆம் ஆண்டு நவம்பரில் அந்த நினைப்பு மாறியது. அதிபர் யார் என்பது ஃபுளோரிடா என்ற ஒரே மாநிலத்தின் கையில் வந்து நின்றது. கிட்டத்தட்ட 60 லட்சம் வாக்குகள் பதிவான அங்கே, அதிபர் வேட்பாளர்கள் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே சில நூறு வாக்குகள்தான் வித்தியாசம். சில கவுன்டிகளில், அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளில், துளை சரியாக விழாத சீட்டுகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கையால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போது மாநிலச் செயலாளர் கேத்தரின் ஹாரிஸ். குடியரசுக் கட்சிக்காரர். அந்த மாநிலத்தில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவர்களில் ஒருவரும் அவரே.

தாமதமாக வரும் எண்ணிக்கையை என்ன செய்வது? மாநிலச் சட்டத்தின் ஒரு பிரிவு, அதைப் புறக்கணித்தே ஆக வேண்டும் என்றது. அடுத்த பிரிவு, புறக்கணிக்கலாம் என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு நாட்டின் அதிபர் பதவி தொங்கியது. ஹாரிஸ் காலக்கெடுவின் பக்கம் நின்றார். மாநில உச்ச நீதிமன்றம் கெடுவை நவம்பர் 26 மாலை 5 மணி வரை நீட்டியது. பாம் பீச் கவுன்டி சுமார் இரண்டு மணி நேரம் பிந்தி எண்ணி முடித்தது. அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. 537 வாக்குகள் வித்தியாசத்தில் புஷ் வென்றதாகச் சான்றளித்தார். டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு மறு எண்ணிக்கை நின்றுபோனது.

ஹாரிஸ் சட்டத்தை மீறினாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்டவர், அதே வேட்பாளரின் வெற்றிக்குக் கையெழுத்திடும் நாற்காலியில் இருக்கலாமா? தோற்ற பக்கத்தில் இருந்த கோடிக்கணக்கானோர் அந்தக் கையெழுத்தை எப்படி நம்புவார்கள்? இது முதல் கேள்வி.

எண்ணும் இடத்தில் மட்டும் இந்தப் பதவியின் அதிகாரம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. வாக்குப்பதிவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, யாரும் கவனிக்காத சுற்றறிக்கைகளில் அது வேலை செய்கிறது. 2004இல் ஒஹாயோ மாநிலச் செயலாளர் கென் பிளாக்வெல், வாக்காளர் பதிவுப் படிவங்கள் குறிப்பிட்ட கனமுள்ள தடித்த தாளில் இருந்தால்தான் செல்லும் என்று உத்தரவிட்டார். பூர்த்தி செய்த படிவம் சரியாக இருந்தாலும், தாள் மெல்லியது என்றால் தள்ளுபடி. கடும் எதிர்ப்பு வந்த பிறகு அந்த உத்தரவைக் கைவிட்டார். அவரும் அந்த ஆண்டு புஷ் பிரசாரக் குழுவின் கௌரவ இணைத் தலைவர்.

ஜார்ஜியாவுக்கு வருவோம். இந்தப் பதவியின் கெட்டதும் நல்லதும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்து நடந்த மாநிலம் அது. 2018இல் மாநிலச் செயலாளராக இருந்த பிரையன் கெம்ப், பதவியை விடாமலே ஆளுநர் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஸ்டேசி ஏப்ரம்ஸ், கறுப்பினப் பெண். விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்பது போன்ற காரணங்களால் சுமார் 53,000 வாக்காளர் பதிவுகள் நிலுவையில் கிடந்தன. அந்த விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பது செய்தியாளர்களின் ஆய்வில் தெரியவந்தது. அடையாள அட்டையைக் காட்டி அவர்கள் வாக்களிக்கலாம் என்று கெம்ப் தரப்பு சொன்னது. உலகின் பல நாடுகளில் தேர்தல்களைக் கண்காணித்த முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், தன் சொந்த மாநிலத்துக்காக ஒரு கடிதம் எழுதினார். செயலாளர் பதவியிலிருந்து விலகுங்கள் என்று கெம்பைக் கேட்டுக்கொண்டார். கெம்ப் விலகவில்லை. வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் விலகினார். சுமார் 55,000 வாக்குகள் வித்தியாசத்தில் ஆளுநரானார்.

அதே ஆண்டுத் தேர்தலில் மாநிலச் செயலாளராக வந்தவர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர். அவரும் குடியரசுக் கட்சிதான், தொழிலால் பொறியாளர். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவில் பைடன் டிரம்பை 11,779 வாக்குகளில் முந்தினார். கிட்டத்தட்ட 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு இயந்திரத்தில் மீண்டும் எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் தொலைபேசியில் அவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்தால் போதும் என்றார். உங்களிடம் உள்ள தகவல் தவறு என்று அந்த மனிதர் பதில் சொன்னார். டிரம்புக்கு வாக்களித்தவர் அவர். கொலை மிரட்டல்கள் வந்தன, குடும்பத்தையும் விடவில்லை. அவர் அசையவில்லை. அந்த ஒரு மணி நேரப் பதிவை இன்று கேட்டாலும் எனக்கு மனம் நிறைகிறது.

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மூன்று மாதங்களுக்குள்ளேயே ஜார்ஜியா சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து மாநிலச் செயலாளரை இறக்கியது; அங்கே வாக்களிக்கும் உரிமையையும் பறித்தது.

2022இல் சண்டை நேரடியாக இந்தப் பதவிக்கே வந்தது. 2020 முடிவை ஏற்காத வேட்பாளர்கள் பல மாநிலங்களில் மாநிலச் செயலாளர் பதவியைக் குறிவைத்து, ஓர் அணியாகவே நின்றார்கள். அதுவரை பெயர் தெரியாத பதவிக்குப் பணம் கொட்டியது, தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடின. அரிசோனாவில் மார்க் ஃபின்செம் சுமார் 1,20,000 வாக்குகளில் தோற்றார். நெவாடாவில் ஜிம் மார்ச்சன்ட் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். மிச்சிகனில் ஜோசலின் பென்சனை எதிர்த்தவர் 14 சதவீதப் புள்ளிகள் பின்தங்கினார். பென்சனின் வீட்டு வாசலில் 2020 டிசம்பரில் ஆயுதங்களோடு ஆட்கள் வந்து கூச்சலிட்டது வாக்காளர்களுக்கு மறந்திருக்காது. ஜார்ஜியாவிலோ, டிரம்ப் ஆதரித்த போட்டியாளரை ராஃபன்ஸ்பெர்கர் உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்த்தினார். ஆனால் அந்த அணியைச் சேர்ந்த டியேகோ மொராலஸ் இண்டியானாவில் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் தேர்தலே வேண்டாம், ஆளுநர் நியமிக்கட்டும் என்கிறவர்கள் உண்டு. ஃபுளோரிடா 2003 முதல் அப்படித்தான் செய்கிறது. ஹாரிஸ்தான் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த கடைசிச் செயலாளர். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆளுநரும் கட்சிக்காரர்தான். மக்களுக்குப் பதில் சொல்லும் ஒருவரை, ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்பவராக அது மாற்றிவிடுகிறது.

மினசோட்டா காட்டிய வழி மேலானது. 2008இல் அங்கே செனட் தேர்தலில் நார்ம் கோல்மனும் அல் ஃபிராங்கனும் மோதினார்கள். சுமார் 29 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ண வேண்டியிருந்தது. மாநிலச் செயலாளர் மார்க் ரிச்சி, ஃபிராங்கனின் கட்சிக்காரர். ஆனால் சான்றளிக்கும் வாரியத்தில் அவர் தனியாக இல்லை; நான்கு நீதிபதிகள் உடன் உட்கார்ந்தார்கள். சர்ச்சைக்குரிய ஒவ்வொரு சீட்டையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்துத் தீர்மானித்தார்கள். ஒரு சீட்டில் ஃபிராங்கனுக்குக் குறியும் இருந்தது, ‘பல்லி மனிதர்கள்’ என்று கையால் எழுதிய பெயரும் இருந்தது. அதையும் விவாதித்தே தள்ளுபடி செய்தார்கள். பிறகு வந்த வழக்கும் முடியும்போது ஃபிராங்கன் 312 வாக்குகளில் வென்றிருந்தார். முடிவு மாதக்கணக்கில் இழுத்தது என்பது உண்மை. ஆனால் எதுவும் மூடிய அறையில் நடக்கவில்லை.

2025இல் ராஃபன்ஸ்பெர்கர், பென்சன் இருவருமே ஆளுநர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார்கள். இருவர் மீதும் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் 2018இல் கெம்பிடம் கார்ட்டர் கேட்டதை இவர்களிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தன் பெயர் இருக்கும் வாக்குச்சீட்டுக்குத் தானே பொறுப்பாக இருக்கக் கூடாது என்பது, நல்லவர்களின் மனச்சாட்சிக்கு விடப்படாமல், ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டமாக வேண்டும். சான்றளிக்கும் மேசையில் நீதிபதிகள் உட்காருவதும் அந்தச் சட்டத்தில் சேர வேண்டும்.