கஞ்சி காய்ச்சத் தெரியுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

இளைஞர் சார்பில் இவ் விழாவிற் பேசும்படி எம்மைப் பணித்தபோது, நாட்டுத் தொண்டு, நல்லொழுக்கம் முதலிய பெரிய பொருள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம் எனப் பலரும் எதிர்பார்த்திருப்பர். நாமோ குசினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் நகைக்கக்கூடும். நகைக்கும் நண்பர்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்கிறோம்: உங்களுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியுமா?

சென்ற ஆண்டு வரை எமக்கும் தெரியாது. விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு வந்திருந்த சமயம், எமது தாயார் கடுங் காய்ச்சலால் 12 நாட்கள் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. ஆறாம் நாள் வைத்தியர், "நாளை முதல் வீட்டுக் கஞ்சி கொடுக்கலாம்" என்றார். தந்தையார் எம்மைப் பார்த்தார். நாம் தமையனாரைப் பார்த்தோம். தமையனார் பொறியியல் கற்றவர். நாம் விஞ்ஞான மாணவர். நீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு பிடி அரிசிக்கு எத்தனை பேணி நீர் விடவேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. மறுநாட் காலை வைத்த கஞ்சி அடிப்பிடித்துக் கரிந்துபோயிற்று. கடையில் வாங்கிச் சென்றதைத் தாயாரால் விழுங்க முடியவில்லை. அன்று மத்தியானம், அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அன்னையார் தாமாகவே ஒரு தூக்குச்சட்டியிற் கஞ்சி கொண்டுவந்து தந்தார். அவருடைய அன்பை நினைத்து மகிழ்ந்தோம். எமது நிலையை நினைத்து வெட்கினோம்.

மாலையில், பார்வை மங்கிய எமது அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "தண்ணியைக் கூட விடு மோனை. கூடினால் வடிக்கலாம்; குறைஞ்சால் அடிப்பிடிக்கும்." இருபது வருடப் படிப்பிலே கிடையாத பாடம் அந்த ஒரு வசனத்திற் கிடைத்தது.

அன்பர்களே! நாம் கற்றது மிசன் பாடசாலையிலே. ஒழுங்கும் நேரந் தவறாமையும் அங்கே நன்றாகப் பழகினோம். மனைப்பொருளியல் என்றொரு பாடமும் இருந்தது. எமது வகுப்பில் அதனை எடுத்த ஆண் பிள்ளை ஒருவரும் இல்லை. ஆண் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்பதே எல்லோருடைய எண்ணமும். ஆனால் நமது முன்னோர் அப்படி எண்ணவில்லையே! சிறந்த சமையலை நளபாகம் என்கிறோம். நளன் ஓர் அரசன். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது வீமன் மேற்கொண்டது மடைத்தொழில். கோயில் மடைப்பள்ளியிலே இன்றும் ஆண்களே சமைக்கின்றனர். அடியவர்க்கு அன்னதானம் நடக்கும்போது வாளி தூக்கிப் பந்தியிற் பரிமாற நாம் முந்திக்கொண்டு ஓடுகிறோம். ஆயிரம் பேருக்குப் பரிமாறத் தெரிந்த கைக்கு ஒருவருக்குச் சமைக்கத் தெரியாதிருப்பது முறையாகுமா?

பெண் பிள்ளைகளும் இன்று நம்மோடு சரிநிகராகப் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுள்ளும் சமையல் பழகாதோர் பலர். அதிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசி இருபாலார்க்கும் பொது. ஆகவே பயிற்சியும் பொதுவாகட்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இது சிறிய விடயம் என்று எண்ணவேண்டாம். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நூல் எழுதிய அப் பெரியார், பசித்தவர்க்கு முதலில் வேண்டியது கஞ்சி என்பதை உணர்ந்திருந்தார். 2009ஆம் ஆண்டிலே மன்னார்ப் பெருநிலப்பரப்பு மக்களுட் பலரும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். அரிசியும் நீரும் உப்புமாகிய கஞ்சியே அங்கே பலருக்கு உயிர் தந்தது. அதனை நினைந்து ஆண்டுதோறும் மே மாதத்திற் கஞ்சி வார்க்கிறார்கள். 2022இல் நாடு கடனிலே மூழ்கியபோது எரிவாயுச் சிலிண்டருக்காக நம் வீட்டார் வரிசையில் நின்றதை நாம் கண்ணாரக் கண்டோம். அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பொருள் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. கடைச் சாப்பாட்டையே நம்பியிருந்த மாணவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. மூன்று கல்லும் ஒரு பானையும் கொண்டு பசியாற்றத் தெரிந்தவர் எவ்விடத்தும் கலங்கமாட்டார்.

இனி, நாம் கற்றதைச் சொல்லுகிறோம். தாய்மார்களுக்கு இது சிரிப்பைத் தரும். பிழையிருந்தாற் பொறுத்துத் திருத்துக. சைவ உணவை மட்டுமே எடுத்துக்கொண்டோம். மச்சம் சமைப்பது பற்றிப் பேச இம் மேடை இடமன்று. எமக்கு அதிற் பழக்கமும் இல்லை.

முதலில் நெருப்பு. மன்னாரிற் சமைப்பவருக்கு முதல் எதிரி காற்று. தீவின் தென்கரையிலே தம்பபவனியின் 30 காற்றாடிகளைச் சுழற்றும் அதே காற்று நமது அடுப்பையும் அணைத்துவிடும். ஆகையால் அடுப்பு வாயைக் காற்றுக்கு மறைவான பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பொச்சுமட்டையும் பனம் மட்டையும் சட்டெனப் பற்றும். நின்று எரிவதற்கு விறகு வேண்டும். எரிவாயு அடுப்பாயின் வேறு எச்சரிக்கை உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் எரிவாயு விபத்துகள் பல நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மணம் வந்தால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து நீர். நமது தீவிற் சில கிணறுகளின் நீர் உவராயிருக்கும். அந்த நீரிற் சமைத்தால் உப்பைப் பாதியே போட்டுச் சுவை பார்க்க வேண்டும். போட்ட உப்பை எடுக்க முடியாது. போடாத உப்பை எப்போதும் போடலாம்.

இப்போது கஞ்சி. ஒரு பங்கு அரிசியைக் கல் அரித்துக் களைந்து, பத்துப் பங்கு நீரில் இடுங்கள். கொதித்ததும் நெருப்பைத் தணித்து, இடையிடையே அகப்பையால் அடியைக் கிளறிக்கொண்டு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். பருக்கை நன்றாகக் குழைந்தபின் மசித்து, கடைசியில் உப்புப் போடுங்கள். நோயாளிக்கு இவ்வளவே போதும். சுகதேகிகள் இறக்கும் தறுவாயிலே தேங்காய்ப்பாலும் நாலு சின்ன வெங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம்.

கஞ்சி காய்ச்சத் தெரிந்தவருக்குச் சோறு தானே வரும். இருவருக்கு ஒரு சுண்டு அரிசி போதும். அதைப் போல ஆறு பங்கு நீரை உலை வைத்து, கொதித்தபின் களைந்த அரிசியை இடவேண்டும். புழுங்கலரிசியாயின் 20 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடும். கடிகாரத்தை மாத்திரம் நம்பாமல் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசித்துப் பாருங்கள். நடுவிலே வெள்ளைக் குறுணி தெரியாவிட்டால் அதுவே பதம். வடித்தபின் பானையை மூடித் தணலில் 5 நிமிடம் வைத்தால் ஈரம் வற்றிப் பொலபொலவென்றிருக்கும்.

வடித்த கஞ்சியைத் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். தீட்டிய அரிசியையே உண்பவருக்கு பெரிபெரி என்னும் நோய் வருவதைச் சாவகத் தீவிலே ஆராய்ந்தவர் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் உள்ள உயிர்ச்சத்துப் போய்விடுவதே அந்நோய்க்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அச் சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே ஊறிவிடுகிறது. சோறு வேகும்போது அதிற் கொஞ்சம் கஞ்சியிலே கரைந்துவிடும். கஞ்சியில் உப்பிட்டுக் குடித்த நமது பாட்டன்மார் நோபல் பரிசு பெறாவிட்டாலும் அறிவீனரல்லர்.

மூன்றாவது பருப்பு. மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே வேகும். ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு நீர். அதனுடன் மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாய், இரண்டு பூடு. ஏறக்குறைய 20 நிமிடத்தில் வெந்ததும் உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு கொதியில் இறக்கவேண்டும். தக்காளியோ புளியோ விட விரும்பினால் பருப்பு வெந்தபின் விடுங்கள். முந்தி விட்டாற் பருப்பு எளிதில் வேகாது. சோற்றிற் குறைந்த புரதக் கூறு பருப்பில் உண்டு. பருப்பிற் குறைந்தது சோற்றில் உண்டு. ஏழையின் தட்டில் இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பது வீணன்று.

நான்காவது கீரை. வேலியில் முருங்கை நிற்கக் கடைக்கு ஓடுவானேன்? இலையை உருவிக் கழுவி நீரை வடியவிடுங்கள். தாச்சியிற் சிறிது எண்ணெய் விட்டுக் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, இலையைப் போட்டு, மூடாமல் ஐந்தாறு நிமிடம் கிளறி, உப்பும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் தூவி இறக்கினால் வறை ஆயிற்று. சொதி வேண்டுமானால் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் இரண்டாம் பாலில் அவித்து, முதற்பால் விட்டு, பொங்கும் முன் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கியபின்பே விடவேண்டும். அடுப்பில் இருக்கையில் விட்டாற் பால் திரைந்துவிடும். நமது வெயிலிலே தேங்காய்ப்பால் விட்ட கறி நெடுநேரம் நில்லாது. அவ்வேளைக்கு வேண்டியதையே சமையுங்கள்.

இத்தனை எளிய உணவை விருந்தினருக்கு இடலாமா என்று சிலர் கூசுவர். இளையான்குடி மாற நாயனார் சரிதத்தை நினையுங்கள். மழை பொழியும் நள்ளிரவிலே அடியவர் ஒருவர் பசியோடு வந்தார். நாயனார் வயலுக்குச் சென்று அன்று விதைத்த நெல்லை வாரி வந்தார். விறகுக்கு வீட்டுக் கூரையின் வரிச்சுகளையே அறுத்தார். கொல்லையில் முளைத்திருந்த கீரையைப் பறித்துக் கொடுத்தார். மனைவியார் அந் நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கினார், கீரையைக் கறியாக்கினார். சைவ உலகம் என்றும் மறவாத அந்த விருந்து சோறும் கீரையுந்தான். நாயனாரின் மனத்தைப் போற்றும் நாம், நனைந்த நெல்லை நள்ளிரவிற் சோறாக்கிய அந்த அம்மையாரின் கையையும் போற்றவேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த அன்னதானத்துக்கு முன்பாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது தாய்மார்களுள் ஒருவரை ஆசிரியராக அழைத்து, ஆண் பெண் என்ற பேதமின்றி இளைஞர் யாவரும் ஒரு வேளை உணவு சமைத்துப் பழக ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவில்லை. இரண்டு பானையும், ஒரு தாச்சியும், ஓர் அகப்பையும், கொஞ்சம் பொறுமையும் போதும். பாத்திரம் கழுவுவதும் பாடத்தில் ஒரு பகுதியாகட்டும். இல்லாவிட்டால் தாய்மார்களுக்கு நாம் செய்வது உதவியன்று, உபத்திரவம்.

இளைஞர்களே! நம்முள் அநேகர் நாளை கொழும்புக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ, அதற்கு அப்பாலோ போகப்போகிறோம். பெட்டியிற் சான்றிதழ்களை அடுக்கும்போது கையிலே இந்தச் சிறு தொழிலையும் கொண்டுபோவோமாக.

எமது தாயார் வீடு வந்த அன்று, அம்மம்மா சொல்லச் சொல்ல நாமே காய்ச்சிய கஞ்சியைக் கோப்பையில் வார்த்துக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தார். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, தம்பி" என்றார். பின்பு கோப்பையைக் கீழே வையாமல் முழுவதையும் குடித்து முடித்தார். பல்கலைக்கழகத்திற் பெறப்போகும் பட்டம் எதுவும் அதற்கு ஈடாகும் என்று நாம் எண்ணவில்லை.