தண்டனை குறைவுன்னா யார் அப்பீல் போகலாம்?

சேக்காட்டிலிருந்து பேசறேன். ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பாலியல் குற்ற முயற்சிக்கு கோர்ட் கம்மியா தண்டனை குடுத்துட்டா, மேல்கோர்ட் அதைக் கூட்ட முடியாதா?"

முடியும். ஆனால் அப்பீல் போட்டது யார் என்பதைப் பொறுத்தது அது.

நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணு. 2003ல் ஒருவர் இரவில் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த பெண்ணை மானபங்கம் செய்ய முயன்றார். மாமியார் வந்து தடுத்தார். மறுநாள் அந்தப் பெண் கைக்குழந்தையோடு விஷம் சாப்பிட்டு இறந்துபோனார். 2015ல் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் மானபங்கத்துக்கு 3 ஆண்டு கொடுத்தது. தற்கொலைக்குத் தூண்டியதாகச் சொன்ன குற்றச்சாட்டில் விடுதலை.

அரசு அப்பீல் போகல. தண்டனை பெற்றவர்தான் மதுரைக் கிளைக்குப் போனார். 2021ல் உயர் நீதிமன்றம் தானாகவே சீராய்வுக்கு எடுத்து, தூண்டுதல் குற்றத்தையும் சேர்த்து 5 ஆண்டு விதித்தது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது: ஒருத்தர் தானே போட்ட அப்பீலாலேயே அவர் நிலைமை முன்பைவிட மோசமாகக் கூடாது என்று. கேட்கக் கசப்பா இருக்கு. ஆனா எனக்கு இது சரின்னுதான் படுது. இல்லைன்னா தப்பா மாட்டின அப்பாவிகூட அப்பீல் போக பயப்படுவான்.

இன்னொரு வழக்கு மத்தியப் பிரதேசம், 2005. 8, 9 வயசு சிறுமிகள். விசாரணை நீதிமன்றம் வல்லுறவு முயற்சி என்று 5 ஆண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றமோ 'முயற்சி இல்லை, வெறும் ஆயத்தம்' என்று 2 ஆண்டாகக் குறைத்தது. இங்கே மாநில அரசு சும்மா இருக்கல, உச்ச நீதிமன்றம் போனது. 2021 அக்டோபரில் பழைய 5 ஆண்டு திரும்பி வந்தது.

பாதிக்கப்பட்டவர் தானே போக முடியாதா? விடுதலை ஆனாலோ, சின்னப் பிரிவுக்குக் குறைச்சாலோ, இழப்பீடு போதலைன்னாலோ போகலாம். தண்டனை மட்டும் குறைவுன்னா அப்பீல் உரிமை இல்லை. 2020ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அது அரசின் உரிமை. இப்போ பிஎன்எஸ்எஸ் 418வது பிரிவு.

அதனால திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்தில் அப்படியொரு தீர்ப்பு வந்தா, நகலை வாங்கி, 'அப்பீல் போங்க'ன்னு அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கொடுங்க. உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள்தான்.