எந்த நிறம் எடுக்கும்?



நம் பேச்சிலே 'எடுப்பு' என்று ஒரு சொல் உண்டு. 'அந்தச் சீலை அவளுக்கு நல்ல எடுப்பு' என்கிறோம். 'இந்த நிறம் உனக்கு எடுக்காது' என்றும் சொல்கிறோம். முன்னையது பாராட்டு. பின்னையது, சொல்பவர் அதிகம் யோசியாமலே இட்டுவிடும் ஒரு தடை. நம் பெண்பிள்ளைகளுட் பலர் அந்தத் தடையைச் சிறு வயதிலேயே கேட்டுவிடுகின்றனர். பின்பு ஆயுள் முழுவதும் அதற்குக் கீழ்ப்படிந்தே உடுத்துகின்றனர். இப்பொழுது அதே தடையை விதிக்க ஓர் இயந்திரமும் வந்திருக்கிறது. அதைப் பற்றியும், நம் பழைய கவிஞர்கள் அதற்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பார்கள் என்பது பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

அந்த இயந்திரத்தின் வேலை இதுதான். கைத்தொலைபேசியில் உங்கள் முகத்தைப் படம்பிடித்துக் கொடுக்கிறீர்கள். தோல், கண், தலைமயிர் ஆகியவற்றின் நிறத்தை அது கணிக்கிறது. பின்பு இளவேனில், கோடை, இலையுதிர்காலம், மாரி என்னும் நான்கு பருவங்களுள் ஒன்றிலே உங்களைச் சேர்க்கிறது. அந்தப் பருவத்துக்குரிய நிறங்களை உங்கள் முகத்தைச் சுற்றித் துணி விரித்தாற்போலக் காட்டி, இவை பொருந்தும், இவை பொருந்தா என்று தீர்ப்புச் சொல்கிறது. தென்கொரியாவின் சியோல் நகரில் இதை நேரில் செய்து சொல்வதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. இங்கே நாம் வீட்டிலிருந்தபடி தொலைபேசியிடமே கேட்டுவிடுகிறோம்.

தீபாவளிச் சீலை எடுக்கப் புறப்பட்ட என் அக்காவின் மகள்தான் இதை எனக்கு அறிமுகம் செய்தவள்.

"சின்னம்மா, எனக்கு மஞ்சள் எடுக்காதாம்."

"ஆர் பிள்ளை சொன்னது?"

"போன் சொல்லுது. பள்ளிக்கூடத்திலையும் முந்தி அப்பிடித்தான் சொன்னவை."

அவள் நல்ல கரிய நிறம். அந்த இரண்டாவது வசனந்தான் என்னை நிறுத்தியது. சிறுவயதில் யாரோ சொன்ன சொல்லுக்கு இயந்திரம் இப்பொழுது சாட்சி சொல்லியிருக்கிறது. மனிதர் சொன்னால் மறுத்துப் பேசலாம். கணிப்பொறி சொன்னால் அது விஞ்ஞானம் என்று தலையாட்டிவிடுகிறோம்.

நானும் சோதித்துப் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் நின்று படமெடுத்தேன். 'மாரி' என்றது. இரவு சமையலறையின் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தேன். 'இலையுதிர்காலம்' என்றது. பச்சை வர்ணம் பூசிய சுவரருகே நின்று எடுத்தபோது 'கோடை' ஆகிவிட்டேன். கொழும்பிலே ஒரே நாளில் மூன்று பருவம் கண்டவள் நானாகத்தான் இருப்பேன்!

இதிலே மாயம் ஒன்றுமில்லை. நம் கண் விளக்கின் நிறத்தை ஓரளவு கழித்துவிட்டே பொருளின் நிறத்தைப் பார்க்கிறது. கமராவும் அவ்வாறு கழிக்க முயல்கிறது. எது வெள்ளை என்று அது ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கு ஏற்ப மற்ற நிறங்கள் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. ஊகம் பிசகினால் முகமும் பிசகுகிறது. சுவரிற் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கன்னத்தில் வந்து படிகிறது. மேலும், காட்சியின் சராசரி வெளிச்சத்தை ஒரு நடுத்தர அளவுக்குக் கொண்டுவரவே கமரா பொதுவாக முயலும். பிரகாசமான பின்னணியில் நிற்கும் கரிய முகம் அதனால் இன்னும் இருண்டு, நயங்கள் மறைந்துபோகும். தோலின் அடியிலே மஞ்சள் சாயலா, நீலச் சாயலா என்பதையே இந்த இயந்திரம் அறியவேண்டும். அந்த நுட்பமோ முதலிலேயே தொலைந்துவிடுகிறது.

இன்னொரு பழைய கதையும் இதற்குள் இருக்கிறது. வர்ணப்படச் சுருள் வழக்கிலிருந்த காலத்தில், படம் கழுவும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்க 'ஷேர்லி அட்டை' என்றொன்றைப் பயன்படுத்தின. கொடக் நிறுவனம் அனுப்பிய அந்த அட்டையிலே நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. சுருள் போய்க் கணினி வந்த பின்பும் கணக்கு முற்றாக மாறவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஜோய் புவோலம்வினி, ரிம்னிற் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். வெளிர்நிற ஆண்களின் விடயத்தில் பிழை மிகக்கூடியதே 0.8 வீதந்தான். கருநிறப் பெண்களின் விடயத்தில் அது 34.7 வீதம் வரை சென்றது. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மொங்க் வகுத்த 10 படிகளைக் கொண்ட தோல்நிற அளவுகோலை கூகிள் நிறுவனம் ஏற்று வெளியிட்டது. திருத்தம் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆயினும், இந்தக் கலை முழுவதும் வெறும் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மதிப்பான ஒரு வேர் உண்டு. பிரான்சிலே சித்திரத் திரைகள் நெய்யும் கொபெலின் ஆலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். நீல, ஊதா ஆடைகளின் நிழலுக்கு இட்ட கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்திலே குறையில்லை, அயலில் இருந்த நிறங்களே கறுப்பை வலுவிழக்கச் செய்தன என்று கண்டார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற அந்த விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். முகத்துக்கு அருகே வரும் ஆடையின் நிறம் பற்றியும் அந்நூலிலே எழுதியிருக்கிறார்.

பின்னாளில் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த ஜொகன்னஸ் இற்றன் வந்தார். மாணவர்கள் தாமாக விரும்பித் தேரும் நிறங்களுக்கும் அவர்களின் தோற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாக அவர் கருதினார். அவருடைய நிறக்கலை நூல் 1961இல் வெளிவந்தது. 1980இல் அமெரிக்கரான கரோல் ஜக்சன் எழுதிய நூல்தான் நான்கு பருவக் கணக்கை வீடுதோறும் கொண்டுசென்றது. அந்த முறையின் தொடக்ககாலத்தில் ஆசியருள்ளும் ஆபிரிக்க வம்சாவளியினருள்ளும் பெரும்பாலோர் 'மாரி' என்ற ஒரே பெட்டிக்குள் இடப்பட்டனர். மற்றவர்களுக்கு நான்கு பெட்டி. பாதி உலகத்துக்கு ஒன்று! கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது வகுத்த மொழிக்காரர் நாம். நம் நிறங்களை இந்த ஒரு பெட்டியிலா அடக்குவது?

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம்.

சங்கப் பாடல்களிலே தலைவியின் மேனி அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரைகாரர் விளக்கம் கூறுவர். மாமரத்தின் இளந்தளிரைப் பார்த்திருப்பீர்கள். செம்பும் கபிலமும் கலந்து, மேலே ஒரு மினுக்கம் ஓடும். தலைவன் பிரிந்தால் அந்த மாமை போய்ப் பசலை வருகிறது. பசலை என்பது மேனி வெளிறுதல். வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைப் பாடலொன்றில், தலைவனுக்கும் உதவாமல் தனக்கும் உதவாமல் தன் மாமை அழகைப் பசலை உண்டுவிடப் பார்க்கிறது என்று தலைவி வருந்துகிறாள். கவனியுங்கள். வெளிறிப்போவதை அவள் அழகு என்று கொள்ளவில்லை. நோய் என்று கொள்கிறாள். இன்று மேனியை வெளிறச் செய்யக் கடையிலே பணம் கொடுத்துப் பசை வாங்குகிறோம். 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற பசையின் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல் நீங்கியதே 2020இல்தான்.

மாமை ஒருபுறமிருக்க, தெளிவாகக் கரிய மேனிக்கு நம் கவிஞர்கள் என்ன உடுத்தினார்கள்? முல்லை நிலத்துத் தெய்வம் மாயோன்; கரியவன். அவனுக்கு மரபு தந்த ஆடை பீதாம்பரம், அதாவது மஞ்சட் பட்டு. திருவரங்கத்துப் பெருமானைப் பாடிய திருப்பாணாழ்வார், அவன் ஆடைக்கு அந்திவானத்தின் நிறத்தை உவமை சொல்கிறார். கரிய மேனியை அடக்கி மறைக்கும் மங்கல் நிறம் ஒன்றையும் அவர்கள் தேடவில்லை. உள்ளதிலே மிகப் பிரகாசமான நிறத்தை எடுத்துக் கருமையின்மேல் வைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டின. 'எடுப்பு' என்ற சொல்லின் பொருளே அதுதான்.

நக்கீரரும் அப்படியே. திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலே கடலின்மேல் ஞாயிறு தோன்றுகிறது. நீல மயில்மீது செவ்வேளைக் கண்டதற்கு அது உவமை என்று உரை கூறுவர். நீலத்தின் அருகே செம்மை வைத்தால் இரண்டும் ஒளிரும் என்பதை ஷெவ்ரல் விதியாக எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே நம் புலவர் கண்ணாரக் கண்டு சொல்லிவிட்டார்.

தொல்காப்பிய உரியியலிலே கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் ஒருங்கே பேசப்படுகின்றன. இரண்டும் சினத்தைக் குறிக்கும். இரண்டும் நிறத்தையும் குறிக்கும் என்கிறார் ஆசிரியர். ஒன்று மேல், மற்றது கீழ் என்ற பேச்சு அங்கே இல்லை. அந்தப் பேச்சு நம் கலியாண விளம்பரங்களிலே இருக்கிறது. 'சிவந்த மணமகள்' என்கிறோம். அதற்கு எட்டாதவர்க்குப் 'பொதுநிறம்' என்கிறோம். கரிய பிள்ளையின் விளம்பரத்திலே நிறத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். 'உனக்கு மஞ்சள் எடுக்காது' என்ற வாக்கியம் உண்மையில் மஞ்சளைப் பற்றியதன்று. உன் கருமை பளிச்சென்று தெரியக்கூடாது என்பதே அதன் உட்கிடை. ஒரு நிறம் முகத்தை எடுத்துக் காட்டுகிறதா என்று கேட்பது வேறு. முகத்தை வெளிறக் காட்டுகிறதா என்று கேட்பது வேறு. இயந்திரமாயினும் மாமியாராயினும், தீர்ப்புச் சொல்லுமுன் இவற்றுள் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று நாம் பார்க்கவேண்டும்.

அப்படியானால் நிறத்தை எவ்வாறு தேர்வது? அதற்கு வெள்ளவத்தைப் புடவைக்கடைகளிலே பழைய வழியொன்று இருக்கிறது. பழகிய விற்பனையாளர் சீலையை உள்ளே குழல்விளக்கின் கீழ் விரித்து வைத்துவிட்டு நிற்கமாட்டார். "வெளிச்சத்திலை பாருங்கோ அக்கா" என்று காலி வீதிப் பக்கமாக வாசலுக்கே கொண்டுவந்துவிடுவார். தோளிலே தலைப்பைப் போட்டுக் கண்ணாடியைக் காட்டுவார். ஒன்றை மட்டும் பார்க்கவிடாமல் இரண்டாவதையும் போட்டு ஒப்பிடச் சொல்வார். வர்ணப் பகுப்பாய்வின் சாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது: பகல் ஒளி, முகத்துக்கு அருகே துணி, இரண்டிரண்டாக ஒப்பீடு, பக்கத்திலே இன்னொருவரின் கண். துணியைப் பாராமல் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் நான் சேர்த்துச் சொல்வது. கண்ணுக்குக் கீழுள்ள நிழல் குறைகிறதா, முகம் முன்னுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

பட்டிலே இன்னொரு நுட்பமும் உண்டு. மயிற்கழுத்து நிறம் என்று கேட்டு வாங்குகிறோம். அது ஒரு நிறமன்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசையும்போது ஒன்று மறைந்து மற்றது தோன்றும். தொலைபேசித் திரையிலே அதற்கு ஒரே ஓர் இலக்கந்தான் கிடைக்கும். அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, கத்தரிப்பூ என்று நம் பெண்கள் நிறங்களுக்கு இட்ட பெயர்களெல்லாம் கண்ணாற் கண்ட பொருள்களின் பெயர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி விரும்பி உடுத்திய நீலம் 'எம்.எஸ். நீலம்' என்றே நிலைத்துவிட்டது. அந்த நிறம் அவருக்குப் பொருந்துமா என்று எந்தப் பட்டியலையும் யாரும் கேட்கவில்லை. அவர் உடுத்தார், நிறம் அவர் பெயரைப் பெற்றது.

என் அக்காவின் மகள் முடிவில் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சீலையைத் தோளிலே போட்டு, கடைவாசலில் நின்று, நெடுநேரம் தன்னைப் பார்த்தாள். வாங்கினாளா என்பது முக்கியமன்று. பார்த்தாள் என்பதே முக்கியம். ஒரு சொல்லுக்குப் பயந்து அத்தனை வருடம் அவள் அந்த நிறத்தைத் தன்மேல் வைத்துப் பார்த்ததே இல்லை.

பம்பலப்பிட்டிக் கடற்கரையிலே மாலை வேளையில் நிற்பவர்கள் திருப்பாணாழ்வாரின் உவமையைத் தினமும் கண்ணாற் காணலாம். கடல் கறுத்துவருகிறது, அதன் விளிம்பிலே வானம் மஞ்சளும் செம்மையுமாக விரிகிறது. கடலுக்கு அந்த நிறம் எடுக்காது என்று எவரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் 'எடுக்காது' என்ற சொல்லைக் கொஞ்சம் குறைத்து, 'உடுத்துப் பார் பிள்ளை' என்ற சொல்லைக் கூட்டுவோமாக.