உடைமாற்றும் அறையின் மொழி
(‘ஒரே மொழி பேசுவோர் ஒரே சமூகம்’ என்னும் தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை)



முன்னால் பேசியவர்கள் இனத்தையும் ஊரையும் எடுத்துக்கொண்டு பேசினார்கள். நான் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐஸ் ஹாக்கி. ஐஸ் என்றால் நமக்கு ஐஸ் கச்சாங்தான் நினைவுக்கு வரும். கனடாவில் அப்படியல்ல. குளம் உறைந்ததும் பிள்ளைகள் மட்டையோடு அதன்மேல் இறங்கிவிடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வட்டுதான். ‘பக்’ என்பது அதன் பெயர். ஆனால் ஆட்டக்காரர்கள் அதை ‘பிஸ்கட்’ என்பார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய அரங்கத்தை ‘பார்ன்’, அதாவது மாட்டுக் கொட்டகை என்பார்கள். தவறு செய்தவர் இரண்டு நிமிடம் போய் உட்காரும் இடத்துக்குப் ‘பாவப் பெட்டி’ என்று பெயர். கோல்காவலரின் இரு கால்களுக்கு நடுவே உள்ள சந்து ‘ஐந்தாம் துளை’. எதிரணிக்காரரைச் சீண்டிப் பேசுவது ‘சர்ப்’, குருவி கீச்சிடுவது என்று பொருள். பெயரைக்கூட முழுதாக விடமாட்டார்கள். பாஸ்டன் குழுவில் பல்லாண்டு ஆடிய பெர்ஜெரோன், அவர்களுக்குப் ‘பெர்ஜி’.

ரஷ்யாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வருகிற இளைஞர் பலர், பள்ளி ஆங்கிலத்தைவிட இந்த அறை ஆங்கிலத்தைத்தான் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். செய்தியாளர் முன் நின்றால் ‘நான்’ என்ற சொல்லே வாயில் வராது. மூன்று கோல் போட்டவரும் “நாங்கள்” என்றுதான் பேசுவார். கேட்கிற நமக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களுக்கு அது நல்ல வளர்ப்பின் அடையாளம்.

இந்த மொழிக்குள் வெளியாள் நுழைய முடியாதா என்றால், முடியும். 2008ஆம் ஆண்டு முதல் கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்குப் பஞ்சாபி மொழியில் வர்ணனை உண்டு. ஹர்நாராயண் சிங் என்பவர் தொடக்கத்தில் கால்கரி நகரிலிருந்து டொரோண்டோவுக்கு விமானம் ஏறிப் போய் வர்ணனை செய்தார். ஓங்கி அடிக்கும் அடிக்குக் கன்னத்தில் விடும் அறையைக் குறிக்கும் பஞ்சாபிச் சொல்லைச் சேர்த்து வைத்தார்கள். 2016 இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க் குழுவின் போனினோ கோல் போட்டபோது, அவர் பெயரையே மூச்சுவிடாமல் திரும்பத் திரும்ப முழங்கினார் சிங். பஞ்சாபி தெரியாதவர்களும் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். வெற்றி விழாவுக்கு அந்த வர்ணனையாளர்களை அழைத்தார்கள் பிட்ஸ்பர்க்காரர்கள். பாட்டி, பேரன் இருவரும் ஒரே ஆட்டத்தைத் தாய்மொழியில் பார்ப்பதென்றால் சும்மாவா? தாய்மொழி வானொலியை அணைக்காமல் வளர்ந்த நமக்கு அதன் அருமை புரியும்.

இதுவரை நான் தலைப்புக்கு ஆதரவாகத்தான் பேசியிருக்கிறேன். இன்னும் ஒன்றும் ஆதரவாகச் சொல்கிறேன்.

2018 ஏப்ரல் 6ஆம் தேதி. சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற சிற்றூரின் இளையர் குழு ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சாலைச் சந்திப்பில் பேருந்தும் லோரியும் மோதின. பேருந்தில் 29 பேர். 16 பேர் மாண்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து, அதுவரை அறியாத குடும்பங்களின் வீட்டில் தங்கி ஆடுபவர்கள். ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாக்கள் அழுதார்கள். தகுதிச் சுற்றுக்காகப் பையன்கள் ஒற்றுமையாகத் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசியிருந்தார்கள். அதனாலேயே அடையாளம் மாறிப்போனது. இறந்துவிட்டதாக நினைத்த ஒரு பையன் உயிரோடு இருந்தான். உயிரோடு இருப்பதாக நம்பிய இன்னொரு வீட்டில் இடி விழுந்தது. ஒன்றுபோல் தோன்ற வேண்டும் என்ற ஆசை அப்படியும் ஒரு விலை கேட்டது. அந்த வாரம் கனடா முழுவதும் மக்கள் தங்கள் வாசலில் ஹாக்கி மட்டைகளைச் சார்த்தி வைத்தார்கள், பையன்களுக்கு அங்கே தேவைப்படுமே என்று. நம் வீட்டில் இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதில்லையா, அதுபோல. ஒன்றரைக் கோடி கனடிய டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது.

இதைச் சமூகம் இல்லை என்று யார் சொல்வார்? ஆனால் நடுவர் அவர்களே, இங்கேதான் நான் தலைப்போடு முரண்படுகிறேன்.

அந்த மொழியில் இன்னொரு வழக்கமும் உண்டு. அறையில் நடப்பது அறையை விட்டு வெளியே போகக்கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. பதினைந்து வயதிலேயே பையனுக்குத் தெரிந்துவிடுகிறது.

2010இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் குழு ஸ்டான்லி கிண்ணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டங்களைப் படமெடுத்து அலசித் தரும் பயிற்றுவிப்பாளர் ஒருவர், குழுவோடு இருந்த இளம் ஆட்டக்காரர் ஒருவரிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்ற புகார் மே மாதம் நிர்வாகத்தின் காதுக்கு எட்டியது. மேலாளர்கள் கூடிப் பேசினார்கள். இறுதிச் சுற்று நெருங்கிவிட்டதே என்று கிடப்பில் போட்டார்கள். கிண்ணம் கிடைத்தது, ஊர்வலம் நடந்தது, அந்த ஆளும் கொண்டாடினார். பிறகு அவர் குழுவை விட்டு விலகிப் போய், மிச்சிகனில் ஒரு பள்ளி மாணவனிடம் பாலியல் குற்றம் புரிந்து சிறைக்குப் போனார். சிகாகோவில் வாய் திறந்திருந்தால் அந்த மாணவன் தப்பியிருப்பான் என்றே நான் நினைக்கிறேன்.

பாதிக்கப்பட்ட இளைஞர் 2021இல்தான் வெளிப்படையாகப் பேசினார். சக ஆட்டக்காரர் சிலர் தம்மைக் கேலி செய்ததாகவும் சொன்னார். குருவிக் கீச்சு என்று சற்றுமுன் சிரித்தோமே, அதே கேலிப் பேச்சுதான். எல்லாரும் ஒரே மொழிதான் பேசினார்கள். அந்த மொழியில் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது, அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல மட்டும் இடமில்லை. அவ்வாண்டு அக்டோபரில் விசாரணை அறிக்கை வந்தது. குழுவுக்கு 20 லட்சம் அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார்கள். தலைமை மேலாளர் பதவி விலகினார்.

ஸ்டான்லி கிண்ணத்தின் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வென்றவர்களின் பெயரை அதன் வெள்ளி வளையத்தில் பொறிப்பார்கள். வெல்லாத ஆட்டக்காரர் அதைத் தொடவும் மாட்டார். அத்தனை பயபக்தி. அந்தப் பயிற்றுவிப்பாளரின் பெயரும் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தது. 2021இல் குழு உரிமையாளர் கேட்டுக்கொண்டதால், அந்தப் பெயரின்மேல் வரிசையாக எக்ஸ் எழுத்துகளை அடித்து மூடியிருக்கிறார்கள். அந்த இளைஞரோ, அந்தப் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.