ஒலிவாங்கியும் அதன் மின்வழங்கியும்

கண்டி மாநகருக்கு மேலே, ஹந்தானை மலைச்சரிவில், ஒரு தோட்டத்து லயத்தில் முதியவள் ஒருத்தி தாழ்ந்த குரலில் தாலாட்டுப் பாடுகின்றாள் எனக் கொள்க. அக்குரல் ஒலிவாங்கியிற் பட்டு மின்னாக மாறும்போது அதன் அளவு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டுவதில்லை. பதிவுக் கருவி ஏற்கத்தக்க அளவுக்கு அதனை ஆயிரம் மடங்கு, சிலபோது அதற்கு மேலும் பெருக்குதல் வேண்டும். இத்தொழிலைச் செய்வதே முற்பெருக்கி. அது குரலை மட்டுமா பெருக்கும்? குரலோடு ஒட்டிவரும் குற்றங்களையும் அதே அளவு பெருக்கிவிடும். எசலப் பெரஹராவின் முழவோசையைப் பதிவு செய்வோர்க்கு இது பெருந்துன்பமன்று. அம்முழக்கத்துள் எந்த ரீங்காரமும் மறைந்துபோகும். தாலாட்டில் மறையாது. பாடியவள் மறைந்த பின்னர் மறுபதிவும் இல்லை.

இத்தகைய கருவியைத் தம் கையாலேயே அமைக்க விரும்புவோர் இன்றும் உளர். இலங்கையின் ஒலிபரப்புப் பிறந்ததே கைவினையால்தான். 1920களின் முற்பகுதியில் கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. 1944இல் மௌண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. அப்படைவீரர்க்கென எழுந்த ரேடியோ சீயாக்கின் சாதனங்களே 1949இல் ரேடியோ சிலோனுக்குக் கைமாறின. அக்காலக் கருவிகள் யாவும் வால்வுகளால் இயங்கியவை. அவற்றின் குரல்வளத்தை நாடியே பழைய பாணி முற்பெருக்கிகளைப் பலர் இன்றும் கட்டுகின்றனர்.

கட்டுதல் கடினமன்று. ஒலிவாங்கியின் நுண்மின்னைப் பத்து மடங்கு உயர்த்தும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர், அதன்பின் ஈ.எஃப். 86 என்னும் வால்வுகள் இரண்டு; மிகுந்த பெருக்கத்தை அடக்குவதற்கு எதிரூட்டல். முதற் பெருக்கத்துக்கென்றே 1950களில் பெயர்பெற்ற வால்வு அது. அதன் சூடேற்றும் இழை இரட்டைச் சுருளாக முறுக்கப்பட்டிருப்பதால் ரீங்காரத்தைக் குறைவாகவே எழுப்பும். படத்தைப் பார்த்து இணைத்தால் கருவி பேசத்தான் செய்யும். ஆயினும் அது தூய்மையாகப் பேசுமா என்பதைத் தீர்மானிப்பது மின்வழங்கியே. பலரும் வால்வுகளைத் தேடி அலைந்து, மின்வழங்கிக்குக் கையிற் கிடைத்ததைப் பொருத்திவிடுகின்றனர். இது தலைகீழான முறை.

வால்வுக்கு இருவகை மின் வேண்டும்: இழையைச் சூடாக்க 6.3 வோல்ட்; தகட்டுக்கு 250 வோல்ட் அளவில். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி. அதனை நேர்மின்னாக மாற்றும்போது முழுமையாகத் தட்டையாகாமல், வினாடிக்கு 100 முறை நெளியும் மிச்சம் எஞ்சும். அந்நெளிவே ரீங்காரம். தகட்டு மின்னில் அதனைக் கண்டென்சர்களாலும் தடைகளாலும் படிப்படியாக வடிகட்டலாம். முதல் வால்வின் இழைக்கும் நேர்மின்னையே, ஒழுங்காக்கியின் வழியாக, தருதல் நன்று. இங்கேதான் ஒரு நுட்பம். ஒழுங்காக்கிக்கு உள்ளே வரும் மின், வெளியே செல்வதினும் இரண்டு மூன்று வோல்ட் உயர்ந்திருத்தல் வேண்டும். 6.3 வோல்ட் சுருளிலிருந்தே அதனை இயக்கினால், மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேறி மின்னழுத்தம் தளரும்போது, பகலில் அமைதியாயிருந்த கருவி உறுமத் தொடங்கும். 9 வோல்ட் சுருளைத் தெரிந்தால் அத்தளர்ச்சியையும் தாங்கும். கம்பிக் கடைசியிலுள்ள மலைவீடுகளில் இது பெரிதும் வேண்டப்படுவது.

மின்வழங்கியின் டிரான்ஸ்பார்மர் தன்னைச் சூழக் காந்தப்புலத்தையும் பரப்புகின்றது. ஒலிவாங்கியின் சிறு டிரான்ஸ்பார்மர் அருகிலிருந்தால் அப்புலத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மின்வழங்கியைத் தனி இரும்புப் பெட்டியில் வைத்து, ஒரு மீற்றர் நீளக் கம்பியால் இணைப்பதே சிறந்த வழி. ஒரே பெட்டி அழகாயிருக்கலாம். அழகு காதிற் கேட்பதில்லை.

லயத்துக்கே கருவியைக் கொண்டுசெல்வதாயின் மின்கலமே மேல். இரண்டு ஈ.எஃப். 86 வால்வுகளின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் வேண்டுவது 12.6 வோல்ட்; நன்கு மின்னேறிய மோட்டார்க் கார் பற்றரி தருவதும் ஏறத்தாழ அதுவே. தகட்டு மின்னோட்டம் சில மில்லிஅம்பியர் மாத்திரமாதலால், 9 வோல்ட் சிறு பற்றரிகள் 28ஐத் தொடுத்து 252 வோல்ட் பெறலாம். சுமை சற்றுக் கூடும். எனினும் மின்கலத்தில் நெளிவுமில்லை, ரீங்காரமுமில்லை.

கண்டியின் ஈரக்காற்று வேறொரு தொல்லை. பழைய காகிதக் கண்டென்சர்கள் ஈரம் ஏற்று மின்னைக் கசியவிடும். கருவி பொரிபொரியெனச் சத்தமிடும். பாணி பழையதாயினும் கண்டென்சர்கள் புதியனவாயிருத்தல் நலம்.

250 வோல்ட் உயிரைக் குடிக்கவல்லது. மின்னை நிறுத்திய பின்னரும் கண்டென்சர் அதனைத் தாங்கிநிற்கும். 100 மைக்ரோபாரட் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோஓம் தடையொன்றை நிலையாகப் பொருத்திவைத்தால், ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் மின் வடிந்துவிடும். அதன் பின்னும் மீற்றரால் அளந்து பார்த்தே பெட்டிக்குள் கைவைத்தல் வேண்டும்.