அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் ஒரு கைநாட்டு அட்டை

(சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒக்டோபர் முதலாம் திகதி நம் நாட்டில் சிறுவர் தினம் என்பது உங்களுக்குத் தெரியும். அதே நாள்தான் முதியோர் தினமும். 1990ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை முதியோருக்கென்று ஒதுக்கியது. ஆனால் நம் பக்கத்தில் நடப்பது என்ன? பிள்ளைகளுக்கு இனிப்பு, பலூன், ஓட்டப் போட்டி எல்லாம் உண்டு. அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த தாத்தாவும் பாட்டியும் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த முறை பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்து அவர்களுக்குக் கொடுக்கட்டும். (அட்டை என்றதும் சிலர் காலைப் பார்க்கிறீர்கள். மழைக்காலத்து அட்டை இல்லை, பயப்படாதீர்கள்.)

கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கடை அட்டையில் என்ன இருக்கிறது? இங்கிலீசில் நாலு வரி, இல்லாவிட்டால் தமிழில் நாலு வரிக் கவிதை. அதை யார் படிப்பது? நம் பெரியவர்கள் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அது அவர்களுடைய குறை இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன்னே ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்றிருந்த தோட்டங்கள் ஏராளம். 1973, 74இல் வந்த பஞ்சத்தை அந்தப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போய் எப்படிப் படிக்கும்? தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்ற பெண் பிள்ளை, பிறகு கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது. சம்பளத்துக்குக் கைநாட்டு, அடகுக்குக் கைநாட்டு, கடன் பத்திரத்துக்குக் கைநாட்டு. அந்தச் சொல்லையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு நிலையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை ஓடிப்போய் அட்டையைக் கொடுக்கிறது. பாட்டி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னா புள்ள தெரியும், ஒங்கம்மாகிட்ட குடு, அது படிச்சிக் காட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. பாட்டி முகமும்தான்.

ஆகவே நாம் செய்யப்போவது எழுத்து வேண்டாத அட்டை. மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கும் எழுத வராது, பாட்டிக்கும் படிக்க வராது. இரண்டு பேருக்கும் தெரிந்த பாஷையில் செய்வோம்.

காசு செலவு வேண்டாம். காலியான பால்மாப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, பழைய கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் போதும். பெட்டியை ஓரத்தில் பிரித்து, அப்பியாசக் கொப்பி அளவுக்கு வெட்டி, இரண்டாக மடியுங்கள். உள்பக்கம் வெளியே வரட்டும், அதில்தான் சாயம் பிடிக்கும். பசைக்கு ஒரு கரண்டி கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் கூழாகிவிடும். ஆறினபிறகு பிள்ளை கையில் கொடுக்கலாம். நக்கினாலும் மோசமில்லை, எப்படியும் நக்கத்தான் போகிறார்கள்.

சாயமும் வீட்டில் இருக்கிறது. மஞ்சள் தூளைக் கொஞ்சம் பசையில் குழைத்தால் மஞ்சள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் ரோஸ் நிறம். கீரையை நசுக்கிப் பிழிந்து பசையில் கலந்தால் பச்சை. நன்றாகக் கொதித்த சாயத் தண்ணியைத் தாளில் பூசிக் காயவைத்தால் மண் நிறம் வரும். ஆலாத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால்தானே. பிள்ளைகள் வேலைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. அதற்குப் பதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டாலும் மஞ்சள் செம்மைக்குத் திரும்பும். பிள்ளைக்கு முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள், வாயைப் பிளந்து பார்க்கும்.

இனி அட்டை. ஒரு பீங்கானில் துணித் துண்டை நாலாக மடித்து வைத்து, பச்சைச் சாயத்தை அதில் ஊற்றுங்கள். அப்போதுதான் விரலில் அளவாகப் பிடிக்கும். பிள்ளை பெருவிரலைத் துணியில் ஒற்றி, அட்டையில் இடப்பக்கம் சாய்வாக ஒரு அழுத்து, வலப்பக்கம் சாய்வாக ஒரு அழுத்து. நடுவில் சுண்டு விரலால் நிமிர்த்தி ஒன்று. கீழே பென்சிலால் ஒரு கோடு. என்ன வந்திருக்கிறது? ரெண்டு இலை, ஒரு மொட்டு! முப்பது நாற்பது வருஷம் அதையே தேடிக் கிள்ளின கைக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமா? பிள்ளை ஆசையில் நாலைந்து இலை அழுத்திவிட்டால் தடுக்காதீர்கள். "முத்தல் எல சேர்ந்திருக்கே, கணக்கப்பிள்ளை வெட்டிப்புடுவாரு" என்று பாட்டி சொல்லிச் சிரிக்கட்டும். அவர் வாழ்நாளெல்லாம் வைத்த கைநாட்டையும் இந்தக் கைநாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது கடனுக்கு வைத்தது இல்லை.

தாத்தாவுக்கு லயம் வேண்டுமென்றால், பழைய பத்திரிகையைக் கிழித்து ஒட்டலாம். நீளமாக ஒரு துண்டு லயம், மேலே ஒரு துண்டு தகரம், பின்னால் கோணல் மாணலாக மலை. வடிகட்டின தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினால் முற்றத்து மண். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிக்கட்டும். கிழிப்பதும் கிள்ளுவதும் அழுத்துவதும் விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும், நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற விரலுக்கு இதுதான் பயிற்சி. மூன்று வயதில் பிள்ளை வட்டம் பார்த்து வட்டம் போடும். சிலுவைக்கோடு போட நாலு வயசாகும். முக்கோணம் ஐந்து வயசில்தான் சரியாக வரும். அப்படியிருக்க மூன்று வயசுப் பிள்ளையிடம் "கூரை வச்ச வீடு கீறு" என்று நின்றால் யார் கீறுவது? அம்மா கீறுவார், இல்லாவிட்டால் டீச்சர் கீறுவார். ஒரே கையால் செய்த இருபது அட்டைகள் வரிசையாகத் தொங்கினதை நான் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தன. எந்த அட்டை எந்தப் பிள்ளையுடையது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்ணில் பூ விழுந்த பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் போட்டு என்ன பயன்? தடவிப் பார்க்கிற அட்டை செய்யுங்கள். காய்ந்த இலை ஒன்று, பிள்ளையின் பழைய சட்டைத் துணி ஒரு துண்டு, நாலைந்து அரிசி, ஒரு முழம் நூலை வளைத்து ஒரு பூ. இலைக்குத் தேயிலை மலைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மருந்தடித்த மலையில் எந்த இலையையும் பிள்ளை தொடக்கூடாது. கொய்யா இலை, வீட்டுத் தோட்டத்துச் செடியின் இலை போதும். பாட்டியின் விரலைப் பிடித்து பிள்ளையே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டட்டும்.

உள்ளே ஒன்றும் எழுத வேண்டாமா என்று யாரோ கேட்டீர்கள். எழுதலாம், ஆனால் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். "அன்புள்ள பாட்டிக்கு நல்வாழ்த்துகள்" என்று எந்தப் பிள்ளையும் பேசுவதில்லை. "அம்மாயி எனக்கு ரொட்டி சுட்டுக் குடுக்கும், இருமல் வந்தா நெஞ்சில தேச்சி உடும்" என்று சொன்னால் அதுதான் அட்டையில் வரவேண்டும், எழுத்துப் பிழை பார்க்காதீர்கள். கொடுக்கும்போது பிள்ளை அதை வாயாலும் சொல்லட்டும். பின்பக்கம் திகதியும் பிள்ளையின் வயதும் போடுங்கள். முழுக் கையையும் பீட்ரூட்டில் தோய்த்துப் பதித்தால், அடுத்த வருஷம் அதே கையை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், அப்பாயிதான் எல்லாம் என்று வளர்கிற பிள்ளைகள் இந்த நிலையத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு உதவ அப்பாயியையே கூப்பிடாதீர்கள். அட்டை வாங்கவேண்டியவரே பசை காய்ச்சினால் எப்படி? நம் நிலையத்து ஆயா கூட உட்காருவார். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளையை எல்லோர் முன்னாலும் "ஒனக்கு யாரு இருக்கா" என்று கேட்கவேண்டாம். அந்தப் பிள்ளை லயத்தில் எந்தப் பெரியவர் மடியில் போய் உட்காருகிறதோ அவருக்குச் செய்யட்டும். வேறு தோட்டத்தில் இருந்தால் தபாலில் அனுப்பலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போன உறவுகளோடு கடிதம் போக்குவரத்து இன்னும் விட்டுப்போகாத வீடுகள் உண்டென்றால், அந்தப் பெரிய பாட்டிக்கும் ஒன்று போகட்டும். தபாலுக்கு மட்டை வேண்டாம், கலண்டர் தாளில் செய்யுங்கள்.

போனில் படம் பிடித்து அனுப்பலாமே என்று அந்தப் பக்கம் ஒரு தம்பி சொல்கிறார். அனுப்புங்கள், நல்லதுதான். போன் கை மாறினால் படம் போய்விடும், அட்டையையும் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை விட வரும்போது ஒரு காலிப் பெட்டியும் ஒரு கைப்பிடி பழந்துணியும் கொடுத்து விடுங்கள். மஞ்சளும் மாவும் இங்கே இருக்கின்றன. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், பீட்ரூட் கறை இலேசில் போகாது. அட்டை வீட்டுக்கு வந்தபிறகு வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். அடுப்படிப் புகையும் ஆகாது. காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்துச் சுவர் நல்ல இடம். பிள்ளைக்கும் பாட்டிக்கும் எட்டிப் பார்க்கிற உயரத்தில் மாட்டுங்கள்.