கோயிலைச் சுற்றியுள்ள மண்

(பத்தாம் ஆண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவையொட்டி ஆயிரம் பேர் கூடும் கவியரங்கம் ஒன்றைக் கங்கைகொண்ட சோழபுரத்தில், கோயிலுக்கு அண்மையில் உள்ள வயல்வெளியில் நடத்துவதென்று சென்ற மாதம் தீர்மானித்தோம். அத்தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான். இன்று அதையே மறுத்துப் பேச எழுந்திருக்கிறேன். முன்னுக்குப்பின் முரண் என்று நகைப்போர் நகைக்கலாம். இடையில் இரண்டு நாள் அவ்வூரில் தங்கி வந்தேன் என்பதே என் விளக்கம்.

இராசேந்திர சோழன் எழுப்பிய விமானத்தின் நிழலில் தமிழ்க் கவிதை ஒலிக்க வேண்டும் என்ற ஆசை நம் அனைவருக்கும் உண்டு. அம்மன்னன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு விழா 2014இல் அங்கு நடைபெற்றது. ஆடித் திருவாதிரை 2021இல் அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது. 2025 சூலையில் நடந்த விழாவிற்குப் பிரதமரே வந்தார். பெரியோர் கூடிய இடத்தில் நாமும் கூடினால் என்ன என்பதே சென்ற மாதம் என் வாதமாக இருந்தது.

கோயிலுக்குக் கூட்டம் புதிதன்று. ஐப்பசி அன்னாபிடேகத்திற்கு நூறு மூட்டை அரிசி வடிக்கிறார்கள். மக்கள் வெள்ளம்போல் வருகிறார்கள். வழிபடும் கூட்டத்திற்காகவே அக்கோயில் கட்டப்பட்டது. ஆகவே என் கவலை கோயிலைப் பற்றியதன்று. அதைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றியது.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர் அது. அந்நகரில் நம் கண்ணுக்குத் தெரிவது கோயில் ஒன்றே. எஞ்சியவை வயல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அடியில் கிடக்கின்றன. கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 1980களிலும், பின்னர் 2021 முதலும் அகழ்ந்தபோது செங்கற் சுவர்களின் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் வெளிப்பட்டன. சில இடங்களில் சுவரே இல்லை. பிற்காலத்தார் செங்கல்லைப் பெயர்த்தெடுத்த பள்ளம் மட்டுமே இருந்தது. கோயிலின் மதிற்கற்களும் கோபுரக் கற்களும் 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டப் போயின. அணை நீர் பாய்ந்த வயலில் விளைந்த நெல்லை நாமும் உண்டிருப்போம்; அதைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆனால் அவ்வாறெல்லாம் போக மிஞ்சியதுதான் இன்று நம் கையில் இருக்கிறது.

விழாத் திடலாக நாம் கேட்டிருந்த நிலத்தின் உரிமையாளர், முதியவர், வரப்பில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "ஐயா, ஏர் ஓட்டினா ஓட்டாஞ்சில்லு மேல வரும், எடுத்து வரப்புல போட்டுருவோம். நீங்க லாரிய ஏத்தினீங்கன்னா அது அங்கேயே மாவாப் போயிடும்." என் கையில் இருந்த விழா வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் பந்தலுக்கு நாற்பது குழி, பொக்லைன் கொண்டு மேடு நிரவுதல், ஜெனரேட்டர் வண்டிகள், தற்காலிகக் கழிப்பறைகளுக்கான பள்ளங்கள் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. வரைந்தவனும் நானே.

சாய்ந்த தூணை நிமிர்த்தலாம். மண்ணடுக்கு அப்படியன்று. எந்த ஓடு எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதிலிருந்தே ஆய்வாளர் காலத்தைக் கணிக்கின்றனர். அடுக்கு கலைந்துவிட்டால் அந்தச் சான்று மீளாது.

இது வெறும் அச்சமா என்று கேட்பீர்கள். வேறொரு நாட்டில் நேர்ந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் புல்வெளி நடுவே நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் அருகில் 1974 முதல் 1984 வரை ஆண்டுதோறும் சூன் மாதத்தில் இசைவிழா நடந்தது. வந்தவர்கள் பல்லாயிரவர், பெரும்பாலோர் அவ்விடத்தின்மீது அன்பு கொண்டவர்களே. பெருங்கற்களுக்குப் பெரிய ஊறில்லை. ஆனால் சுற்றிலுமிருந்த வெண்கலக் காலப் புதைமேடுகளில் அடுப்புக்கும் கழிப்பிடத்திற்கும் குழி தோண்டினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 1985இல் விழா தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு சூன் 1ஆம் நாள் காவல்துறைக்கும் விழாவிற்கு வந்தோருக்கும் நேர்ந்த மோதலில் 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 2000 முதல்தான் நெடும்பகல் நாளில் மக்களை மீண்டும் கல்வட்டத்திற்குள் விட்டனர். கல்மீது ஏறலாகாது, ஒலிபெருக்கி இசை கூடாது என்னும் கட்டுப்பாடுகளோடு.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திற்குள் வழிபாட்டு மரபு தவிர்த்த கூட்டமோ கேளிக்கையோ நடத்த மைய அரசின் எழுத்து வழி ஒப்புதல் வேண்டும் என 1959ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடத்திற்குத் தடையும் உண்டு. அதற்கப்பால் கிடக்கும் நகரமோ உழவர்களின் சொந்த வயல். அங்கே நம்மைத் தடுப்பது நம் மனம் ஒன்றே.

ஊருக்கு வருவாய் கிடைக்கும் என்றார் பொருளாளர். விசாரித்தேன். பந்தல்காரர், சமையற்காரர், ஒலிபெருக்கிக்காரர் என நாம் அமர்த்தியிருந்த அனைவரும் நகரத்தார். ஊருக்கு எஞ்சுவது எச்சில் இலையும் தண்ணீர்ப் புட்டிகளும். அவற்றை அள்ள ஊராட்சியின் தூய்மைப் பணியாளர் சிலர்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கவியரங்கத்தைச் செயங்கொண்டத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடத்துவோம். விரும்புவோர் இருபதின்மராகப் பிரிந்து, காலையிலும் மாலையிலும் ஒலிபெருக்கியின்றிக் கோயிலுக்குச் சென்று வரட்டும். உணவை உள்ளூர்க் கடைகளில் சொல்லிவைக்கலாம். வயலுக்குக் கொடுத்த முன்பணத்தை அம்முதியவர் திருப்பித் தருவதாகச் சொன்னார், பெறாமல் வந்துவிட்டேன். அத்தொகையை என் பெயரில் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளரைக் கேட்டுக்கொண்டு, திருத்தத் தீர்மானத்தைத் தலைவரிடம் தருகிறேன்.